தின்னர் முகர்வதை விட்டு மூன்று மாதம்: மூளை மீண்டு வருமா?

கேள்வி இது. பெயின்ட் வேலைக்குப் போன இடத்தில் தின்னர் முகரப் பழகிய 17 வயதுத் தம்பி, ஏறக்குறைய இரண்டு வருடம் தினமும் முகர்ந்திருக்கிறான். நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் கை நடுங்குகிறது, சொன்னது மறந்துபோகிறது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்துகிறான், இல்லையென்றால் சுவரைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். மூளை போனது போனதுதானா, இதற்கு மருந்து உண்டா, பழைய வேலைக்கே திரும்ப அனுப்பலாமா என்று அக்கா கேட்டிருக்கிறார்.

நான் மருத்துவர் அல்ல. போதை மீட்பு மையத்தில் மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கிறவன். தின்னர், பசை, ஒயிட்னர், பெட்ரோல் என்று முகர்ந்துவிட்டு வந்த பிள்ளைகளோடு பல வருடமாக இருக்கிறேன். அந்த அனுபவத்தையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

போனது போனதுதான் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். இந்த விஷயத்தில் மூன்று மாதம் என்பது ரொம்பச் சின்னக் காலம். மூளை தேறுகிறது, ஆனால் அது வாரக் கணக்கில் நடக்கிற காரியம் இல்லை, வருடக் கணக்கில் நடக்கிறது. வேகப்படுத்த மாத்திரை கிடையாது. அந்தக் காலம் முழுவதும் அவன் மூக்குக்குத் தின்னர் போகாமல் இருக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் அவனுடைய இப்போதைய வேகத்துக்கு இறங்கி வர வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் பெரும்பாலான குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்போம். தின்னரில் முக்கியமான சரக்கு டொலுயீன். கொழுப்பில் எளிதாகக் கரையும். முகர்ந்த சில நொடிகளில் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போய்விடும். மூளை செல்களை எழுப்பிவிடும் ஏற்பிகளை (செல்லில் செய்தியை வாங்கும் இடங்களை) அடக்கி, அமர்த்தும் ஏற்பிகளை ஓங்கச் செய்கிறது. மதுவும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது என்பதால் தள்ளாட்டம், குழறல், பயமில்லாத்தனம் எல்லாம் குடித்தவரைப் போலவே தெரியும். அளவைப் பாருங்கள். எட்டு மணி நேர வேலையில் சுவாசிக்கும் காற்றில், பத்து லட்சத்துக்கு 20 பங்குக்கு மேல் டொலுயீன் இருக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்களின் அமைப்பு ஒன்று வரம்பு வைத்திருக்கிறது. பையிலோ நனைத்த துணியிலோ முகரும்போது உள்ளே போவது பல ஆயிரம் பங்கு.

அந்த நேரத்துப் போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மாதக் கணக்கில் தொடரும்போது அடி வாங்குவது மூளையின் வெண்பொருள். நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நீண்ட இழைகள் அங்கேதான் ஓடுகின்றன. ஒயருக்குப் பிளாஸ்டிக் உறை போல அவற்றைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. கொழுப்பைத் தேடிப் போகும் டொலுயீன் அந்த உறையைக் கெடுக்கிறது. செய்தி போய்ச் சேரும், ஆனால் தாமதமாக, சிதறிப் போய்ச் சேரும். நீண்ட காலம் முகர்ந்தவர்களின் எம்.ஆர்.ஐ. படத்தில் இந்த மாற்றம் தெரியும். உடல் அசைவைச் சீராக்கும் சிறுமூளை சுருங்கியிருப்பதும் தெரியும். உங்கள் தம்பியின் கை நடுக்கம் பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான்.

இதனால்தான் இந்தப் பிள்ளைகளைப் பார்த்து எல்லாரும் ஏமாந்துபோகிறார்கள். வெண்பொருள் கெட்டால் பேச்சு அநேகமாகக் கெடாது. சொல்வளம், பழைய நினைவு எல்லாம் இருக்கும். கெடுவது வேகம், கவனம், ஒரு காரியத்தை வரிசையாகத் திட்டமிட்டுச் செய்வது, தானாக எழுந்து ஒன்றைத் தொடங்குவது. வாய் மட்டும் நன்றாக இருப்பதால் வீட்டில் "நல்லாத்தானே பேசுறான், வேலைன்னா மட்டும் வலிக்குதா" என்பார்கள்.

எங்கள் மையத்தில் ஒரு பையன் இருந்தான். பேச்சில் படு கெட்டி, கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் வருடம் தவறாமல் சொல்வான். ஒருநாள் அவனிடம், "மாடிக்குப் போய் என் மூக்குக்கண்ணாடியை எடு, நோட்டையும் எடு, விளக்கை அணைச்சிட்டு, கதவைச் சாத்திட்டு வா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வெகுநேரமாக ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் பாதிப் படியில், கைப்பிடியைப் பிடித்தபடி, தலையைக் குனிந்து நிற்கிறான். "கண்ணாடின்னு சொன்னீங்க சார். அப்புறம் என்னன்னு யோசிச்சிட்டே இருக்கேன்" என்றான். கண்ணில் தண்ணீர். கேலி செய்வேன் என்று பயந்திருக்கிறான். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றை முடித்த பிறகு அடுத்ததைச் சொன்னேன். நான்கையும் தவறில்லாமல் செய்தான். தப்பு அவனுடையது இல்லை, நான் சொன்ன விதத்தில் இருந்தது.

ஆகவே தம்பியிடம் ஒரு நேரத்தில் ஒரு காரியம் மட்டும் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பத்து நொடியாவது காத்திருங்கள். பதில் வராவிட்டால் குரலை உயர்த்தாமல் அதே வார்த்தைகளில் மறுபடி சொல்லுங்கள். வேறு வார்த்தைகளில் சொன்னால் அது அவனுக்குப் புதிய செய்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். டிவி ஓடும்போது முக்கியமானதைப் பேச வேண்டாம். இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து அறிவுரை சொல்ல வேண்டாம். அன்றைக்குச் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். செய்ததும் அவனே அதைக் கோடு போட்டு அடிக்கட்டும். போனில் அலாரம் வையுங்கள். சாவி, பர்ஸ் எல்லாவற்றுக்கும் நிலையான ஓர் இடம் வையுங்கள். இதெல்லாம் குழந்தைக்குச் செய்வது போல் இருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றும். "கால் உடைந்தவனுக்குக் கட்டை கொடுப்பது போலத்தான், ஆறியதும் எடுத்துவிடலாம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மறைத்து மறைத்துச் செய்தால்தான் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள்.

கோபத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதன் பெரும்பகுதி இந்தத் தாமதத்திலிருந்து பிறக்கிறது. ஒரு கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்து விழுகிறது, மூளை திணறுகிறது, கத்தல் வருகிறது. பொங்குவதை அடக்கும் முன்மூளையின் பிடிமானமும் தளர்ந்திருக்கிறது. ஒரு வாரம் மட்டும் நோட்டில் எழுதிப் பாருங்கள்: எத்தனை மணிக்குக் கத்தினான், அதற்கு முன் என்ன நடந்தது, சாப்பிட்டிருந்தானா, தூங்கியிருந்தானா. பெரும்பாலும் சாயங்காலத்திலும், பசியிலும், கூட்டத்திலும் வரும். காரணம் தெரிந்துவிட்டால் பாதியை முன்கூட்டியே தவிர்க்கலாம். கத்த ஆரம்பித்துவிட்டால் வாதம் வேண்டாம். "சரி, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு விலகி வந்துவிடுங்கள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதில் இரண்டு விஷயம் கலந்திருக்கலாம். ஒன்று, தொடங்கும் விசை குறைந்துபோவது. யாராவது கூட எழுந்து நடந்தால் அவனும் நடப்பான், தானாக எழ மாட்டான். இன்னொன்று மனச்சோர்வு. தூக்கம் போய், சாப்பாடு வெறுத்து, "நான் இருந்து என்ன பயன்" என்பது போன்ற பேச்சு வந்தால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. நிறுத்திய முதல் சில வாரங்களில் எரிச்சல், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை வருவது விடுபடும் அறிகுறி. உங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டதால் இப்போது இருக்கும் சோர்வைத் தனியாகவே பார்க்க வேண்டும்.

மீளும் என்று எதை வைத்துச் சொல்கிறேன்? ஆஸ்திரேலியாவில் தொலைதூரப் பழங்குடிச் சமூகங்களில் பெட்ரோல் முகரும் பழக்கம் பெரிய துயரமாக இருந்தது. அங்கே முகர்ந்தவர்களை ஆய்வாளர்கள் பரிசோதித்து, விட்டு இரண்டு ஆண்டுகள் ஆனபின் மறுபடி பரிசோதித்தார்கள். நடை, கண் அசைவு, கவனம், நினைவு எல்லாவற்றிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது, பலருக்கு இயல்பு நிலைக்கு அருகிலேயே வந்திருந்தது. ஈயம் கலந்த பெட்ரோலை முகர்ந்து, ஈய நஞ்சால் மூளை வீங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள்தான் முழுதாகத் தேறவில்லை. தின்னரும் பெட்ரோலும் ஒன்றல்ல, ஆனால் இரண்டிலும் டொலுயீன் உண்டு. எத்தனை வருடம், எவ்வளவு முகர்ந்தார் என்பதைப் பொறுத்து அடி மாறும். பத்துப் பதினைந்து வருடம் தினமும் முகர்ந்து நடையே போய்விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு முழு மீட்சி வரவில்லை. உங்கள் தம்பி இரண்டு வருடத்தில் நிறுத்தியிருக்கிறான். மயலின் உறை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது அவன் வயதுக்கு இருக்கும் ஆதாயம். வளர்கிற நேரத்தில் அடி பட்டது என்பதுதான் கவலை, வளர்வது இன்னும் முடியவில்லை என்பது ஆறுதல்.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் தெம்பு தருவது. மெக்சிகோவில் ஆய்வாளர்கள் டொலுயீனால் நினைவு கெட்ட சுண்டெலிகளை, சுழல்சக்கரமும் சுரங்கப்பாதையும் விளையாட்டுப் பொருள்களும் நிறைந்த பெரிய கூண்டில் விட்டார்கள். அவற்றின் நினைவு மீண்டது. சுண்டெலிக்கு நடந்தது அப்படியே மனிதனுக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் நாலு சுவருக்குள் பூட்டி வைப்பது வைத்தியம் ஆகாது என்பதை எங்கள் பிள்ளைகளிடமும் பார்க்கிறேன். "வெளியே விட்டால் கெட்டுப்போவான்" என்று ஆறு மாதம் அறைக்குள்ளேயே வைத்திருந்த ஒருவனைக் கூட்டி வந்தார்கள். முகர்வதை விட்டிருந்தானே தவிர, அறைக்குள் வைத்தபோது எந்த நிலையில் இருந்தானோ ஏறக்குறைய அதே நிலை. தினமும் வேர்க்கும் அளவுக்கு நடை, ஒரு கைவேலை, புதிதாக ஒன்றைக் கற்பது, பேச நாலு பேர். இவை நான்கும் வேண்டும். கைவேலை எதுவானாலும் சரி, தச்சு, தோட்டம், மிருதங்கம், பின்னல். நடுங்கும் விரலுக்கு அதுவே பயிற்சி.

நடையைச் சோதிக்க நாங்கள் செய்வது சுலபம். தரையில் ஓடு பதித்த கோடு ஒன்றின் மேல், ஒரு காலின் குதிகாலை மறு காலின் பெருவிரலோடு ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்வோம். முதல் வாரத்தில் மூன்றாவது அடியிலேயே கை விரிந்து பக்கவாட்டில் சாய்வார்கள். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை செய்து, எத்தனை அடி வந்தது என்று தேதியோடு எழுதி வைப்போம். தினமும் பார்ப்பவர்களுக்கு முன்னேற்றம் கண்ணில் படாது, அந்த நோட்டு காட்டும்.

மருந்து என்று கேட்டால், டொலுயீனுக்கு மாற்று மருந்து கிடையாது, வெண்பொருளை வளர்க்கும் மாத்திரையும் கிடையாது. "மூளை டானிக்" என்று விற்பதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். அதற்காக மருத்துவரிடம் போகாமலும் இருக்காதீர்கள், ஏனென்றால் கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவை சில இதில் ஒளிந்திருக்கும். டொலுயீன் சிறுநீரகத்தைப் பாதித்து ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். அது மிகவும் குறைந்தால் கை கால் திடீரென்று துவண்டுபோகும், இதயமும் தடுமாறும். ஆகவே பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாடு, கல்லீரல், ரத்த அணுக்கள் எல்லாம் ஒருமுறை பார்க்க வேண்டும். முகர்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதால் வைட்டமின் பி1, பி12 குறைந்திருக்கலாம். அந்தக் குறைகளும் தள்ளாட்டத்தையும் மறதியையும் தனியாகவே உண்டாக்கும். காது, கண் இரண்டையும் சோதியுங்கள். டொலுயீன் செவித்திறனைக் கெடுக்கக்கூடியது. கவனிக்கவில்லை என்று நாம் திட்டும் பிள்ளைக்கு உண்மையிலேயே கேட்டிருக்காது. சில பசைகளிலும் தின்னர்களிலும் ஹெக்சேன் இருக்கும். அது கால் விரலிலும் கை விரலிலும் தொடங்கும் மரமரப்பைக் கொடுக்கும். அந்த மரமரப்பு, முகர்வதை விட்ட பிறகும் சில வாரங்கள், சில நேரம் மாதங்கள் கூட, மோசமாகிக்கொண்டே போய் அப்புறம்தான் திரும்பும். இது தெரியாமல், விட்டுமே குறையவில்லையே என்று மனம் உடைந்து மறுபடி தொட்டவர்கள் உண்டு. முடிந்தால் அவன் முகர்ந்த டப்பாவின் பெயரையும் லேபிளில் உள்ள சேர்மானத்தையும் எழுதிக்கொண்டு போங்கள், மருத்துவருக்கு அது ரொம்ப உதவும்.

மதுவும் கஞ்சாவும் கூடாது. "அதை விட்டுட்டான், பீர்தானே" என்று வீட்டுப் பெரியவர்களே விட்டுக்கொடுப்பதைப் பார்க்கிறேன். சிறுமூளையை மதுவும் கெடுக்கும்.

இனி, நடக்கக் கூடாது என்று நினைத்தாலும் நடந்துவிட்டால் என்ன செய்வது. தம்பி மறுபடி ஒருநாள் முகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள், பாய்ந்து பிடுங்காதீர்கள். இது நல்ல பேருக்காகச் சொல்வது இல்லை, உயிருக்காகச் சொல்வது. இந்த வாயுக்கள் இதயத்தை அட்ரினலினுக்கு மிகக் கூர்மையாக்கி வைத்திருக்கும். பயந்தாலோ ஓடினாலோ அட்ரினலின் பாய்ந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி, அதே இடத்தில் உயிர் போய்விடலாம். 1970-ல் மில்லார்ட் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படித் திடீரென்று இறந்த 110 இளைஞர்களைப் பற்றி எழுதினார். முதல் தடவை முகர்ந்தவருக்கும் இது நேரலாம். மெதுவான குரலில் பேசி, காற்றோட்டமான இடத்துக்கு அழைத்து வந்து உட்கார வையுங்கள். துணி நனைந்திருந்தால் மாற்றுங்கள். பக்கத்தில் தீக்குச்சி, சிகரெட், அடுப்பு வேண்டாம், ஆவி தீப்பிடிக்கும். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு நின்றால் உடனே மார்பு அழுத்தம் தொடங்குங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, திரவம் நுரையீரலுக்குள் போய்விடும். தூங்கட்டும் என்று தூக்க மாத்திரை கொடுப்பதும் ஆபத்து. திட்ட வேண்டியதை மறுநாள், போதை முழுக்க இறங்கிய பின் பேசலாம்.

ஒருமுறை தவறியதற்காக மூன்று மாதமும் வீண் என்று ஆகிவிடாது. எந்த நேரம், யாரோடு, எந்த வாசனையில் தோன்றியது என்று அவனையே சொல்ல வையுங்கள். ஏக்கம் பெரும்பாலும் அலை போல ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்கும். அந்த நேரத்துக்குக் கூப்பிட ஒரு ஆள், போக ஒரு இடம் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். ஆலோசகரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது இதற்குத்தான்.

கடைசியாக வேலை. பெயின்ட் வேலைக்கு அனுப்பாதீர்கள், மேஸ்திரி எவ்வளவு நல்லவரானாலும் சரி. முதல் காரணம் வாசனை. டப்பா திறந்ததும் வரும் அந்த வாசனையே அவன் மூளையில் பழைய ஏக்கத்தை எழுப்பும், மன உறுதியை வைத்து நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டச் சொல்வது நியாயமில்லை. இரண்டாவது, முகராவிட்டாலும் வேலையில் சுவாசிப்பதே தேறிக்கொண்டிருக்கும் மூளைக்குச் சுமை. டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகளில் 1970-களிலிருந்தே பெயின்டர்களிடம் மறதி, எரிச்சல், சோர்வு சேர்ந்து வருவதைக் கவனித்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் போதைக்காக முகர்ந்தவர்கள் இல்லை, பல வருடம் மூடிய அறையில் வேலை பார்த்தவர்கள். துணி மாஸ்க்கும் தூசு மாஸ்க்கும் இந்த ஆவியைத் தடுக்காது, கரி வடிப்பான் உள்ள மாஸ்க்தான் தடுக்கும். அந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், கையில் ஒட்டிய பெயின்டைத் தின்னரால் கழுவ வேண்டாம், தோல் வழியாகவும் உள்ளே போகும்.

பஞ்சர் கடை, அச்சகம், செருப்புத் தயாரிப்பு, மரப் பாலிஷ் இவற்றிலும் இதே சங்கதி. வேறு வேலை கிடைத்தால் முதல் இரண்டு மாதம் அரை நாளுக்குப் பேசிப் பாருங்கள், காலை நேரமாக இருந்தால் நல்லது. ஏணி, சாரம், ஓடும் இயந்திரம், வண்டி ஓட்டுவது மட்டும் இப்போது வேண்டாம். தரையில் ஓடு பதித்த அந்தக் கோட்டில் கை விரிக்காமல் பத்து அடியும் நடந்து, மருத்துவரும் சரி என்ற பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.